கார்டில் பாதி வரி

“படுங்கடா! படு!”

படுக்கிறேன். வாயெல்லாம் மணல். விமானம் தாழ்ந்து வருகிறது. தகரத்தைக் கிழிக்கிற சத்தம். நிற்கிறது. மறுபடியும். நாலு விமானம். லாரிகள் எரிகின்றன. யாரோ ஒருவன் அம்மாவைக் கூப்பிடுகிறான். பிறகு கூப்பிடவில்லை.

1942. பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். பர்மாவில் ஓர் ஆற்றங்கரை. பட்டாளத்தோடு பின்வாங்கி வந்துகொண்டிருந்தோம். படகுக்குக் காத்திருந்த நேரத்தில் கருப்பண்ணன் வீட்டுக்குத் தபால் கார்டு எழுதச் சொன்னான்.

எங்கள் பக்கத்து ஆட்கள் என்னோடு சேர்த்து ஏழு பேர். எல்லோருக்கும் நான்தான் கடிதம் எழுதுவேன். ஆட்டையாம்பட்டியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கருப்பண்ணன் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். “நல்லம்மாளுக்கு. நான் சுகம். வடக்குக் காட்டைக் குத்தகைக்கு விடாதே. நான்”

அந்த இடத்தில் விமானம் வந்தது.

எழுந்து பார்க்கிறேன். அவன் வயிறு திறந்து கிடக்கிறது. இரண்டு கையாலும் அமுக்குகிறேன். சூடாக இருக்கிறது. விரல் இடுக்கில் வழிகிறது. என் காது அடைத்துவிட்டது. அவன் வாய் அசைகிறது. ஏதோ சொல்கிறான். ஒன்றும் கேட்கவில்லை. வாய் நின்றது. என்னைப் படகுக்கு இழுத்துப் போனார்கள். அவனைப் புதைக்கவில்லை.

கார்டு என் சட்டைப்பையில் இருந்தது. மணிப்பூர் முகாமில் எடுத்துப் பார்த்தேன். கிழித்திருக்க வேண்டும். “நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்” என்று வரியை முடித்து, முகாமில் இருந்த நாளின் தேதி போட்டு அவன் பேரில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. “சுகம்.” அவன் சாகக்கூடாது என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

1946இல் ஊர் திரும்பினேன். தெருவெல்லாம் தறி. தறிக்கட்டை அடிக்கிற சத்தம் கேட்டதும் தெருவிலேயே குப்புறப் படுப்பேன். சனங்கள் சிரித்தார்கள். கை நடுங்கியது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. ஒரு நோட்டு வாங்கி, நடந்ததை எழுதத் தொடங்கினேன். எழுதிய நாளில் கை கொஞ்சம் அடங்கியது. ஆனால் மூன்று தடவை எழுதியும், மூன்று தடவையும் அந்தக் கார்டில் வந்து பேனா நின்றது. நாலாவது தடவை நிறுத்தாமல் எழுதினேன். நோட்டை எடுத்துக்கொண்டு திருச்செங்கோடு போனேன்.

நல்லம்மாள் கிணற்றடியில் கவலை ஓட்டிக்கொண்டிருந்தாள். கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது; ஆண்கள் செய்கிற வேலை. கழுத்தில் தாலி. கருப்பண்ணனைக் காணவில்லை என்று பட்டாளத்திலிருந்து தந்தி வந்திருக்கிறது. அவள் நம்பவில்லை. தந்தியில் போட்ட நாளுக்குப் பிறகும் அவன் பேரில் இரண்டு கார்டு வந்திருக்கிறதே. காட்டைக் குத்தகைக்கு விடு என்று அவளுடைய அண்ணன்மார் சொன்னார்கள். விடாதே என்று அவர் எழுதியிருக்கிறார் என்றாள். அவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நாலு வருஷமாக ஒற்றை ஆளாக இறைக்கிறாள். உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது.

நின்றபடியே நோட்டை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றை, வாய் அசைந்ததை, இரண்டு கார்டை.

மாட்டுச் சாட்டையால் என் முகத்தில் அடித்தாள். இரண்டாவது அடிக்கும் நின்றேன். மூன்றாவதுக்கு ஓங்கியவள் கீழே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். மாடுகள் கிணற்றடிச் சரிவான வாரியில் அப்படியே நின்றன.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “கடைசீல அவரு என்னங்ணா சொன்னாரு?”

“தெரியாதுங்க அம்மிணி. எனக்குக் கேக்கலீங்க.”

“அப்பிடின்னா கேக்கலைன்னே எழுதிக் குடுங்க. பொய்யி மட்டும் வேண்டாமுங்க.”

அங்கேயே எழுதினேன். கை நடுங்கவில்லை. அவள் அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, மாட்டை அவிழ்த்தாள்.

இப்போது தறிச் சத்தத்துக்குத் தோள் மட்டும் குலுங்குகிறது. படுப்பதில்லை.

கணக்கு இது. போனவர்கள் ஏழு பேர். வந்தவர்கள் இரண்டு பேர். புதைக்காமல் விட்டது மூன்று பேரை. கேட்காமல் போன என் இடது காது. நல்லம்மாளின் நாலு வருஷம், அது என்னால் போனது. கருப்பண்ணன் சொன்ன மீதி வரி. அது யார் காதிலும் விழவில்லை.