தார் நுனி

கயிறு வாங்க வருகிறவர்கள் முறுக்கைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், சிலர் முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். நுனியைப் பார்க்கிறவர் அபூர்வம். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் முதலில் நுனியைப் பற்றிக் கேட்டீர்கள். விஷயம் தெரிந்த ஒருவரிடம் பேசுகிறோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆகவே யாரும் வற்புறுத்தாமல் நானே சொல்கிறேன்.

என் பெயர் வெள்ளத்துரை. வயது அறுபத்து மூன்று. ராயபுரத்தில் உள்ள கயிற்றுக் கடை என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து வைத்தது. அவர் காலத்திலிருந்து ஒரு வழக்கம். வந்திறங்கும் ஒவ்வொரு கயிற்றையும் பின்கட்டு உத்தரத்தில் கட்டி, மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு, ஒரு முழுப் பகல் காத்திருப்போம். இழை விட்டுப்போன கயிறென்றால் இரண்டு நுனியையும் தாரில் தோய்த்துத் தனியே போட்டுவிடுவோம். தார் நுனி மூட்டை கட்டுவதற்கு மட்டும். ஆள் தொங்கும் வேலைக்கு அதைத் தொடக்கூடாது. இருபத்திரண்டு வருஷமாக மதார் சாகிப் இந்தச் சோதனையைச் செய்கிறார். அவர் கைபட்டுப் போன கயிறு துறைமுகத்தில் ஒருமுறைகூட அறுந்ததில்லை.

தேவப்பிரியம் என் தம்பி மகன். விஷக்காய்ச்சல் வருஷத்தில் தம்பியும் அவன் மனைவியும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். பதினோரு வயதுப் பையனை நான்தான் கூட்டிவந்தேன். என் மகள் ஞானபாக்கியத்தோடு ஒரே பந்தியில் சோறு போட்டேன். பள்ளிக்கூடம் வைத்தேன். இதை யாரும் மறுக்க முடியாது.

இருபது வயதில் அவனுக்கு நிலையான வேலை எதுவும் இல்லை. கடலை ஏற்றுமதிக் காலத்தில் மூட்டை எண்ணுவான். அது முடிந்தால் தண்டையார்பேட்டைக் கிடங்குகளில் சாக்குகளுக்கு எண் போடுவான். பிறகு ஒரு மாதம் எங்கேயாவது விளம்பரப் பலகை எழுதுவான். வருகிற கூலியெல்லாம் வர்ணமாகிவிடும். தினம் ஒரு யோசனையோடு கடைக்கு வருவான். ஒருநாள் கடைக்குச் சின்னம் என்று ஒரு படம் கொண்டுவந்தான். இரண்டு யானைகள் ஒரு கயிற்றை இழுக்கின்றன. கயிறு அறவில்லை. யானைகள்தான் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கின்றன. குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நான் அதை மடித்து மேஜைக்குள் போட்டேன்.

போன தை மாதம் கல்மண்டபத்து நாடகக் கம்பெனி ஒன்றுக்கு மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதா எழுதப் போனான். கம்பெனியை நடத்துகிறவன் வரதன். கோமாளி வேஷமும் அவனே போடுவான்.

"எல்லா நாடகத்துலயும் ஒரு தெரு வருது பெரியப்பா. தூணும் கோபுரமுமா கீது. எந்த ஊருத் தெருன்னே தெரியல. நான் நம்ம தெருவையே எழுதிட்டேன்" என்றான்.

"ஏலே, வீட்டுக்குள்ள 'கீது' எல்லாம் பேசாதே" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் சிரித்துக்கொண்டு உள்ளே போனான்.

படுதாவில் எங்கள் கடை இருந்தது. பெயர்ப்பலகையும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. மாடி ஜன்னலில் ஞானபாக்கியம் நின்றாள்.

நான் அதைப் போய்ப் பார்க்கவில்லை. நாடகக் கொட்டகையில் கால் வைக்கும் குடும்பம் அல்ல நாங்கள். கேள்விப்பட்டதுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோமாளி அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்துப் பேசுவானாம்: "இன்னாம்மே, ஜன்னலாண்டயே நின்னுகினு கீற? நைனா கயித்தால கட்டிப்போட்டுட்டாரா?" கொட்டகையே விசில் அடிக்குமாம். என் காதுக்கு வருமுன் ராயபுரம் முழுவதும் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மீன் விற்கிற பெண்கள்கூடக் கடை வாசலில் நின்று மாடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போது பாக்கியத்துக்குத் தூத்துக்குடியில் சம்பந்தம் பேசி முடித்திருந்தேன். சபையில் இரண்டாம் முறை கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் மாமன் சரக்கு வாங்கப் பட்டணம் வந்தவர், யாரோ கூட்டிப்போக, நாடகம் பார்த்திருக்கிறார். பத்து நாளில் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். பெண் பலர் பார்க்க நிற்பவளாக இருப்பதால் சற்றுப் பொறுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

பிரியத்தைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "தப்புதான் பெரியப்பா. அவ அங்கதானே நிப்பா, அதான் எழுதினேன். வேற நெனப்பு இல்ல" என்றான். நான் அவனை அடிக்கவில்லை, வையவும் இல்லை. கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவன் இருக்கும்வரை இந்தப் பேச்சு இருக்கும் என்று எனக்குப் பட்டது. அவன் யோசனைகளுக்கு முடிவு கிடையாது. நாளைக்கு இன்னொரு படுதா எழுதுவான்.

மறு வாரம் அவனுக்குத் துறைமுகத்தில் ஐந்து நாள் வேலை கிடைத்தது. கப்பலின் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு வர்ணம் அடிக்கும் வேலை. தற்காலிக ஆட்களுக்கு மேஸ்திரி பலகை மட்டும்தான் தருவார், கயிறு அவரவர் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கயிறு கேட்டு வந்தான். மதார் சாகிப் தொழுகைக்குப் போயிருந்தார். நானே எழுந்து பின்கட்டுக்குப் போனேன்.

தனியே கிடந்த குவியலிலிருந்து இரண்டு கயிறு எடுத்தேன். தார் தோய்ந்த நுனிகளை வெட்டினேன். வெட்டிய இடம் பிரியாமல் இருக்க நூல் சுற்றி முடிந்தேன். கடையை விட்டுப் போகும் எந்தக் கயிறும் நூல் சுற்றாமல் போகக்கூடாது. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

நான் என் கையால் அவனுக்குக் கயிறு கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு சொன்னான்: "நேத்தே படுதாவுல ஜன்னலச் சாத்திட்டேன் பெரியப்பா. பச்சைக் கதவு போட்டாச்சு. பாக்கியம் இப்ப இல்ல. வரதன் கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கினேன், இனிமே அந்தப் பேச்சு பேச மாட்டான். தூத்துக்குடிக்கு நானே காயிதம் எழுதறேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனான். எங்கள் தெரு நேரான தெரு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வெகு நேரம் அவன் போய்க்கொண்டிருந்தான். குமாஸ்தாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கயிறு அறுந்தது. கப்பலுக்கும் கரைச்சுவருக்கும் நடுவே விழுந்தான். அடக்கத்தைக் குறைவில்லாமல் செய்தேன். தேக்குப் பெட்டி.

மூன்றாம் நாள் வரதன் படுதாவைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். "நைனா, இத்த நாங்க இனிமே கட்ட மாட்டோம். உங்க வூட்லயே இருக்கட்டும்" என்று சொல்லி அழுதான். கூடத்தில் விரித்துப் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. பச்சைப் பலகை ஒவ்வொன்றிலும் மரத்தின் ரேகையைக்கூட எழுதியிருந்தான். சுத்தமான வேலை. ஒரு மாதம் முந்திச் செய்திருக்கலாம்.

ஞானபாக்கியம் அன்றைக்குப் பிறகு மாடி ஜன்னல் பக்கம் வருவதில்லை. யாரோடும் பேசுவதும் இல்லை. அடக்கமான பெண். அதைத் தூத்துக்குடிக்கும் தெரிவித்திருக்கிறேன்.

இவ்வளவும் நடந்து முடிந்து ஒரு மாதம் நான் வாய் திறக்கவில்லை. இப்போது வந்ததற்குக் காரணம் உண்டு. கயிற்றைச் சரியாகச் சோதிக்காமல் விட்டார் என்று மதார் சாகிப்பை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். துறைமுகத்தில் மேஸ்திரிமார் எங்கள் கயிற்றைத் தொட யோசிக்கிறார்கள். வெள்ளத்துரை கடைக் கயிறு அறுந்தது என்று கூலிக்காரன்கூடப் பேசுகிறான். ஐம்பது வருஷப் பெயர். அந்த யானைப் படத்தை எடுத்து அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் படம் மட்டும் போதாது.

இதோ, வெட்டிய நுனிகள். நாலும் இருக்கின்றன. தார் காய்ந்திருக்கிறது, பாருங்கள். மதார் சாகிப் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். என்னை என்ன செய்வீர்களோ செய்யுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் விற்ற கயிறு எதுவும் அறவில்லை. அது நான் அவனுக்குச் சும்மா கொடுத்தது.