ஆளுக்கு ஒரு ரூம்

— நீ எதுக்கு வெர்னன் இந்த வரிசையில வந்து நிக்கற?

— ஏன், நிக்கறதுக்கும் கோர்ட்டுல உத்தரவு வாங்கணுமா? மார்ச் மாசம் ஜட்ஜ் குடுத்த தாள்ல வீடு யாருக்கு, கார் யாருக்குன்னு இருந்துச்சு. வரிசை யாருக்குன்னு ஒரு வரிகூட இல்ல.

— அது சரி. விவாகரத்து ஆகி ஏழு மாசம் ஆச்சு. இன்னும் நான் போற இடமெல்லாம் பின்னாடியே வர்ற.

— பின்னாடி வர்றேனா? நாடீன் அம்மணி, ஒரே கப்பல், ஒரே ரூம். நாலு பக்கமும் தண்ணி. உன்னை விட்டு விலகிப் போகணும்னா நான் நீந்தித்தான் போகணும்.

— ஒரே ரூம்ல கிடக்கணும்னு யாரு என் தலையில எழுதினது? போன வருஷம், இதே கப்பல், இதே மாதிரி கடைசி நாள், இதே வரிசை. ‘இறங்கறதுக்கு முன்னாடியே அடுத்த பயணத்தைப் போட்டுடு நாடீன், இப்பப் போட்டாத்தான் சலுகை’ன்னு சொன்ன மகராசன் யாரு?

— நான்தான். அப்ப நீ என் பொண்டாட்டி. சலுகைக்கு ஆசைப்பட்டு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே டிக்கெட் போட்டோம். நடுவுல கல்யாணமே கப்பலேறிடும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

— கட்டின முன்பணம் திரும்ப வராதுன்னு தெரியும்ல? நீயாவது விட்டுக்குடுத்து வீட்டுலயே இருந்திருக்கலாம்.

— நீயும்தான் இருந்திருக்கலாம்.

— முப்பத்தேழு வருஷம் விட்டுக்குடுத்தாச்சு. இதையாவது விடக்கூடாதுன்னு வைராக்கியமா வந்தேன்.

— நானும் அதே வைராக்கியத்துலதான் வந்தேன். பாரு, ஒரு விஷயத்துலயாவது நமக்குள்ள ஒத்துமை இருக்கு.

— நம்ம ஒத்துமையில அக்கறை அந்த ரூம் துடைக்கிற ஆளுக்குத்தான் அதிகம். கட்டிலை ரெண்டாப் பிரிச்சுப் போடுப்பான்னு எத்தனை தடவை சொல்றது? காலையில நாம பிரிக்கிறோம். சாப்பிட்டு வந்து பார்த்தா மறுபடி ஒட்டிப் போட்டு, துண்டுல ரெண்டு அன்னத்தைச் செஞ்சு, மூக்கும் மூக்கும் உரசற மாதிரி வச்சுட்டுப் போயிருக்கான்.

— அவன் மேல தப்பு இல்ல. அவன் கையில இருக்கற தாள்ல ‘முப்பத்தெட்டாவது கல்யாண நாள்’னு போட்டிருக்கு. அதை எழுதினது நீ.

— போன வருஷம் எழுதினேன். பிரிஞ்சப்புறம் அதை அடிச்சு எடுக்க மறந்துட்டேன். எல்லாத்தையும் நானே ஞாபகம் வச்சுக்கணுமா?

— அதனால என்ன, கேக்கு வந்துச்சு. எட்டு பரிமாறுற ஆளுங்க சுத்தி நின்னு பாடினாங்க. பக்கத்து மேஜையில விஸ்கான்சின்காரங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

— நீ எழுந்து நின்னு நாலு பக்கமும் கையாட்டின. தேர்தல்ல ஜெயிச்ச மாதிரி.

— வேற என்ன செய்யச் சொல்ற? ‘மன்னிக்கணும், நாங்க பிரிஞ்சுட்டோம், கேக்கைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க’ன்னா? நல்ல சாக்லேட் கேக்கு அது.

— மூணு துண்டு தின்ன.

— துக்கத்துல தின்னேன்.

— வரிசை நகருது, நட.

— இந்த ஜனத்தைப் பாரு. வாயில போட்டதை முழுங்கறதுக்குள்ள அடுத்த தட்டை நீட்டறாங்க. இந்தப் பயணம் எப்படின்னே இன்னும் தெரியாது, பெட்டியைக்கூடக் கட்டல. அதுக்குள்ள அடுத்ததாம். லிஃப்டுல தரைவிரிப்புல எழுதியிருக்கறதைப் பார்த்தாத்தான் இன்னைக்கு என்ன கிழமைன்னே தெரியுது. அடுத்த வருஷம் எந்தத் தேதின்னு மட்டும் டாண்டாண்ணு சொல்றாங்க. அதோ முன்னாடி நிக்கறாரே, கழுத்துல தங்க நிற அட்டை தொங்குதே, அவருக்கு இது நாப்பத்தொண்ணாவது பயணமாம். காலையில சொன்னார். நான் கேக்கவே இல்ல.

— மெல்லப் பேசு, காதுல விழும்.

— விழாது. விழுந்திருந்தா அவர் பொண்டாட்டி ‘போதும் நிறுத்துங்க’ன்னு மூணு தடவை சொன்னது விழுந்திருக்கும்.

— சிரிக்க வைக்காத வெர்னன்.

— சிரி. ஜட்ஜ் அதுக்கும் தடை போடல.

— இதான். இதுக்காகத்தான் ஒரேயடியா விட்டுட்டுப் போனேன். எதை எடுத்தாலும் ஒரு நக்கல். போன டிசம்பர்ல எங்க அக்கா ஆர்டித் செத்துப்போன அன்னைக்கு, போனைக் கீழ வச்சுட்டு சமையலறையில மரமா நிக்கறேன். நீ உள்ள வந்து என்ன சொன்ன?

— வேண்டாம் நாடீன்.

— ‘இந்த வருஷம் கிறிஸ்துமஸ் அட்டைக்கு ஒரு தபால்தலை மிச்சம்’ன்ன.

— எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

— ஒண்ணும் சொல்லியிருக்க வேண்டாம். சும்மா பக்கத்துல வந்து நின்னிருந்தாப் போதும்.

— இப்ப நிக்கறேனே.

— அது சரி. பத்து மாசம் கழிச்சு, டிக்கெட் வரிசையில.

— சரி, நீ எந்த ஊருக்கு டிக்கெட் போடப் போற? அதைச் சொல்லு.

— அலாஸ்கா. வர்ற ஜூலை. நான் மட்டும். ஒரு பெரிய கட்டில், அதுக்கு நட்டநடுவுல நான். குறட்டை கிடையாது. பாத்ரூம்ல ஈரத் துண்டு கிடையாது.

— பனிமலையைப் பார்த்துட்டு யாரைத் திரும்பிப் பார்த்து ‘அங்க பாரு’ம்ப?

— யாரையும் இல்ல. நானே பார்த்துக்குவேன்.

— வியாழக்கிழமை கப்பல்ல நடந்த விநாடி வினாவுல சாவி மாட்டற வளையம் பரிசா ஜெயிச்சோமே. காரு பேரெல்லாம் நான் சொன்னேன், பாட்டு பேரெல்லாம் நீ சொன்ன. நம்ம ரெண்டு பேரையும் கூட்டினாத்தான் ஒரு முழு மூளை வருது.

— அதைத்தான் ஜட்ஜ் சரிபாதியாப் பிரிச்சுட்டாரே.

— பாட்டுப் பாதி உனக்கு. பாவம் நான், ராத்திரி பகலா காரு பேரா முணுமுணுத்துக்கிட்டுத் திரியறேன்.

— நாளைக்குக் காலையில கரை இறங்கினா நீ டேட்டனுக்கு, நான் ஃபீனிக்ஸ்ல ஷெல்பி வீட்டுக்கு. அதோட சரி. அவ நான் கிளம்பும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னா. ‘அம்மா, கடல் காத்து பட்டா மனசு இளகும். எதுலயும் கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்காத’ன்னு.

— நம்ம பொண்ணுக்கு என் மேல அவ்வளவு சந்தேகமா?

— உன்மேல இல்ல. என்மேல.

— அடுத்தவங்க வாங்க. வணக்கம் மேடம், வணக்கம் சார். என் பேரு ரோவெனா. பயணமெல்லாம் சந்தோஷமா இருந்துச்சா?

— கப்பல் நல்லா இருந்துச்சு ரோவெனா. கூட வந்த ஆளைப் பத்திக் கேக்காத.

— ரொம்ப சந்தோஷம் மேடம். உங்க ரூம் விவரம் இங்க வந்துடுச்சு. ஆஹா, முப்பத்தெட்டாவது கல்யாண நாள். வாழ்த்துகள் சார். அடுத்ததும் இதே மாதிரி பால்கனி வச்ச ரூமாவே போட்டுடலாமா?

— போடலாம்மா. ஆனா ஒரு சின்ன சங்கதி. இந்தம்மா என்னை மார்ச் மாசமே கழட்டி விட்டுட்டாங்க.

— அப்படியா சார். இந்த வாரத்துல நீங்க மூணாவது ஜோடி.

— பாரு நாடீன், இதுலகூட நமக்கு முதல் இடம் கிடைக்கல. ஏம்மா, மத்த ரெண்டு ஜோடியும் என்ன செஞ்சாங்க?

— ஒருத்தங்க ரெண்டாம் நாளே வேற ரூம் வாங்கிக்கிட்டாங்க சார். இன்னொருத்தங்க வர்ற வசந்தத்துக்கு ஐரோப்பா போட்டிருக்காங்க.

— சேர்ந்தா?

— அதை நான் சொல்லக் கூடாது சார்.

— ரோவெனா, அவர் பேச ஆரம்பிச்சா கரை வந்துடும். எனக்கு மட்டும் போடு. ஜூலை, அலாஸ்கா, ஒரே ஆள்.

— போட்டுடலாம் மேடம். ஒரு ஆள் தங்கினாலும் ரெண்டு ஆளுக்கான கட்டணம்தான் வரும். ரூம் ரெண்டு பேருக்கானது, அதனால.

— கேட்டியா நாடீன்? தனியா இருந்தா அபராதம். ஜட்ஜ் மறந்துபோனதைக் கப்பல்காரங்க மறக்காம போட்டுட்டாங்க.

— நீ சும்மா இரு. ரோவெனா, அந்தக் கட்டில் ரொம்பப் பெருசா இருக்குமா?

— ரொம்பப் பெருசு மேடம். பிரிச்சும் போடலாம், சேர்த்தும் போடலாம்.

— ஒரு ஆளுக்கு எதைப் பிரிக்கறது?

— இந்தச் சலுகை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் மேடம். அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க.

— வேண்டாம்மா. போட வேண்டாம்.

— முக்கால் மணி நேரம் கால் கடுக்க நின்னுட்டு வேண்டாமா? ஏன் நாடீன்?

— வர்ற ஜூலையில யாரு எப்படி இருப்போம்னு தெரியாம பணத்தைக் கட்டி ஒரு தடவை பட்டது போதும். பனிமலை எங்கயும் ஓடிடாது. ஃபீனிக்ஸ் போய் ஷெல்பி குடுக்கற அறையில கொஞ்ச நாள் உக்காந்து யோசிக்கறேன். நான் எழுந்துக்கறேன் ரோவெனா, உன் நேரத்தை வீணாக்கிட்டேன்.

— ஒண்ணும் இல்ல மேடம்.

— அப்ப எனக்குப் போடு ரோவெனா. அதே ஜூலை, அதே கப்பல். ஒரு ஆள்.

— வெர்னன், அது நான் பார்த்து வச்ச கப்பல்.

— நீதான் வேண்டாம்னுட்டியே. ஆளில்லாம அது மட்டும் பாவம் எதுக்குத் தனியாப் போகணும்?

— உனக்குக் குளிரே ஆகாது. டேட்டன்ல ஜனவரி மாசம் குப்பைத் தொட்டியை வாசலுக்கு நகர்த்த அழுத ஆளு நீ.

— கோட்டு போட்டுக்கறேன்.

— எந்தக் கோட்டு எந்த அலமாரியில இருக்குன்னு உனக்குத் தெரியுமா?

— ஜூலைக்குள்ள தேடிக் கண்டுபிடிச்சுடுவேன். ஏழு மாசமா மிளகுத்தூளைத் தேடிக்கிட்டு இருக்கேன். அது முடிஞ்சதும் கோட்டு.

— எடுத்துட்டேன் சார். ஒரு ஆள், பால்கனி ரூம். உங்க பேரு, பிறந்த தேதி எல்லாம் இங்கயே இருக்கு. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அவசரம்னா நாங்க யாரைக் கூப்பிடணும்?

— நாடீனை.

— இங்க நிக்கற மேடத்தையா சார்?

— ஆமா. நாடீன் ஹோஸ்டெட்லர். நம்பர் பழைய நம்பர்தான். சொல்லட்டுமா? மனப்பாடமா தெரியும்.

— சொல்லுங்க சார். உறவு என்னன்னு போடட்டும்? முன்னாள் மனைவின்னு போடலாமா?

— சொல்லு வெர்னன். இந்த இடத்துல உனக்கு ஒரு நக்கல் வரணுமே. வரிசையே காத்துக்கிட்டு இருக்கு.

— வரல.

— என்னது?

— நக்கல் வரல. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல இவளுக்குத்தான் தெரியணும் ரோவெனா. அதுக்கு என்ன உறவுன்னு பேரோ, அதை நீயே எழுதிக்க. எனக்குத் தெரியல. நாடீன், அன்னைக்கு சமையலறையில உன் பக்கத்துல வந்து நின்னிருக்கணும். பயமா இருந்துச்சு. நீ அழுது நான் பார்த்ததே இல்ல. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு, காருக்கு எண்ணெய் மாத்தணும்னு வெளிய போயிட்டேன். எண்ணெயெல்லாம் மாத்தல. சும்மா காருக்குள்ள உக்காந்திருந்தேன்.

— இதை ஏன்டா ஜட்ஜ் கேட்டப்ப சொல்லல?

— அங்க யாரும் அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு கேக்கல.

— மேடம், இந்தாங்க, டிஷ்யூ. சார், மன்னிக்கணும், ஒரு விதி இருக்கு. அதைச் சொல்லாம நான் எழுத முடியாது. அவசரத்துக்குக் கூப்பிடற ஆளு கரையில இருக்கறவங்களா இருக்கணும். அதே கப்பல்ல கூட வர்றவங்க பேரைப் போடக் கூடாது. மேடம் வரலதானே?

— வரல. அவதான் வேண்டாம்னு எழுந்துட்டாளே. நீ எழுதிக்க ரோவெனா.

— இரு ரோவெனா. என் பேரை அடிச்சுட்டு எங்க பொண்ணு ஷெல்பி பேரை எழுது. கரையில இருக்கப் போறது அவதான்.