துடுப்புப் போட்ட அந்நியர்கள்

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் இரும்பை எடைபோட்டு, எங்கள் மன்றத்தில் சொல்லை எடைபோடும் தலைவர் அய்யாத்துரை அவர்களே, கற்றதோடு நில்லாமல் கற்பித்தும் களைக்காத சான்றோரே, இராயபுரத்து வெயிலையும் இந்த இரும்பு நாற்காலிகளையும் ஒருசேரப் பொறுத்திருக்கும் பெரியோரே, பிள்ளையை மடிக்கும், காதை எனக்கும் தந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்.

விவிலிய ஆய்வு மன்றத்தின் செயலாளர் ஞானபாக்கியம் நான். விவிலியத்தை வணங்க ஆலயங்கள் உண்டு. வினவ ஓர் இடம் வேண்டாமா? யார் எழுதினார், எதற்கு எழுதினார், எம்மொழியில் எழுதினார் என்று வினவவே மன்றம் வைத்தோம். வைத்த நாங்களே வாசலில் நின்று ஒரு பெண்ணை மறித்தோம்.

அவர் பெயர் கார்குழலி. வியாசர்பாடிக்காரர், பௌத்தர். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் வேலை பார்த்துக்கொண்டே பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரேயம் கற்றவர். எங்கள் நூலகம் உறுப்பினருக்கு மட்டும். அகராதி இல்லாமல் ஆய்வு ஏது? உறுப்பினராக விண்ணப்பித்தார்.

"விசுவாசம் இல்லாத பிள்ளைக்கு வேதத்துல என்ன சோலி?" என்றார் தலைவர். சிரிக்காதீர்கள், அன்று நானும் தலையாட்டினேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கட்டுரை வாசிக்க யாரும் வரலாம் என்பது எங்கள் வழக்கம். போன மாதம் வந்து, விவிலியக் கதை ஒன்றைப் பற்றி வாசித்தார். கடவுள் இட்ட வேலைக்குப் பயந்து ஒரு தீர்க்கதரிசி கப்பலேறி ஓடுகிறார். புயல் வருகிறது. "என்னைக் கடலில் போடுங்கள், அடங்கும்" என்கிறார். நாங்களெல்லாம் இதுவரை அந்தத் தீர்க்கதரிசியையே பார்த்தோம். கார்குழலி மாலுமிகளைப் பார்த்தார். வேறு வேறு தெய்வங்களைக் கும்பிட்டவர்கள். உடனே தூக்கிப் போட்டார்களா? முன்பின் தெரியாத ஒருவரைக் கரைசேர்க்கக் கை ஓயுமட்டும் துடுப்புப் போட்டார்கள்.

தலைவர் கேட்டார்: "ஏம்மா, அந்தக் கப்பல்ல நம்மாளு ஒருத்தர்கூடவா இல்ல?"

"ஒருத்தர் இருந்தாரு ஐயா. புயல் அடிக்கசொல்ல அவரு கீழ தூங்கினு இருந்தாரு."

இப்போது கைதட்டுகிறீர்கள், அன்று யாரும் தட்டவில்லை. எல்லாரும் தலைவர் முகத்தையே பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப முழிச்சிட்டேம்மா" என்றார். விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, பரிந்துரைப்பவர் என்ற இடத்தில் தானே கையெழுத்திட்டார்.

துறைமுகத்தின் மடியில் வாழும் மக்களே, இந்த நூல் இத்தனை கடல் கடந்து, இத்தனை காலம் கடந்து, நம் கைக்கு வந்தது எப்படி? நம்பிக் கேட்டவரும் நம்பாமல் கேட்டவரும் கேட்டுக் கேட்டுக் கொண்டுவந்தது. ஆகவே கேள்வி கேட்பவரை வரவேற்போம். கேள்விக்கு ஞானஸ்நானம் கேட்காதிருப்போம்.

கார்குழலி, மேடைக்கு வாருங்கள். தலைவர் கையால் நூலக அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள். செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி. கொஞ்சம் வழிவிடுங்கள், இவர் அகராதி எடுக்கப் போகிறார். வணக்கம்.