ரூமை ஒழிச்சுக் குடுத்தது நான்தான்

...இல்ல, நான் கேக்கறேன், "ரூம்ல வேற ஆளு இருக்கக் கூடாது"ன்னா என்னம்மா அர்த்தம்? நான் வேற ஆளா? கட்டின பொண்டாட்டி வேற ஆளுன்னா அப்ப யாரு சொந்த ஆளு, நீயா? நல்லா இருக்கே நியாயம்! சும்மா சும்மா டைப் அடிச்சுக் காட்டாத கண்ணு. கண்ணாடி இல்லாம அந்தப் பொடி எழுத்து எனக்குத் தெரியாது. கண்ணாடி அடுப்பு பக்கத்துல கெடக்கு. நீ பாட்டுக்குப் பாத்துட்டு இரு, நான் பாட்டுக்குப் பேசறேன்.

கம்ப்யூட்டருக்குள்ளேர்ந்து பரீட்சைக்குக் காவல் இருக்கறியே, ஹனீன்தானே உம்பேரு? காலையில எம்புருஷன் பம்மிக்கிட்டுக் கூப்பிட்டாரே, "ஹனீன் அம்மணி, வணக்கம், கேமரா செரியா இருக்குங்களா?"ன்னு. என்கிட்ட ஒரு நாள் அந்தக் கொரல்ல பேசிருப்பாரா! என்கிட்ட, "இன்ஷிராஹ்! சாக்ஸ் எங்க!"

எங்க போனாருன்னு கேக்கறியா? கீழதான். பரீட்சைக்கு நடுவுல ஒரே ஒரு தரம் எந்திரிச்சுப் போலாம்னு நீங்கதானே விதி போட்டிருக்கீங்க? மத்தவங்க அத கக்கூசுக்கு வச்சுப்பாங்க. எம்புருஷன் சண்டைக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு. பின்ன என்ன? காயலான்கடைக்காரன் சரியா எங்க பால்கனிக்குக் கீழ வண்டிய நிறுத்திக்கிட்டு, மைக்குல, "ரோபாபேக்யா! பழச எடுக்கறே...ன்! ஏ மேடம்! அஞ்சாம் மாடி மேடம்!"னு கத்தறான். நகரவே மாட்டேங்கறான். எங்க வீட்டுக்காரர் பஹ்கத்துக்கு மூக்கு செவந்து போச்சு. பேனாவ வச்சாரு, எந்திரிச்சாரு, போயிட்டாரு.

நாற்காலி காலியா இருந்தா பரீட்சை கான்சலாயிடும்னு போன தடவ பொலம்பினாரு. அதான் நான் ஒக்காந்திருக்கேன். நாற்காலி காலியா இருக்கா? இல்ல. அப்பறம் என்ன?

டீ குடிக்கிறியாம்மா? ...ஆமாமா, எப்பிடிக் குடிப்பே, பாவம்.

இந்தப் படிப்பு யாரு ஆரம்பிச்சதுங்கறே? வெளிநாட்டு யுனிவர்சிட்டி, வீட்ல ஒக்காந்தபடியே மாஸ்டர்ஸ், மின்சார இன்ஜினியரிங். இந்த வயசுல அவரா கேட்டாரு? நான்தான் சேத்துவிட்டேன். ஏன்னா, எங்க ஷுப்ரா பக்கம் பஞ்சர் ஒட்டறவனும் "பாஷ்முஹந்திஸ்", இன்ஜினியர் சாராம், குழாய் ரிப்பேர்காரனும் "பாஷ்முஹந்திஸ்". அன்னிக்கு டாக்சில போறோம், இவரு டிரைவர "பாஷ்முஹந்திஸ், இங்க நிறுத்துங்க"ங்கறாரு. அவன் "சரிங்க பாஷ்முஹந்திஸ்"ங்கறான். எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு! நெசமா இன்ஜினியருக்குப் படிச்சவரு என்ன தனியா கண்டாரு? ஆனா என் தங்கச்சி ஃபாத்தின் இருக்காளே, அவ வீட்டுக்காரரு பல் புடுங்கறாரு, அவ்வளவுதான். அதுக்கு, "டாக்டர் தூங்கறாங்க... டாக்டருக்குப் பூண்டு ஆகாது... டாக்டருக்கு ஏசி காத்து ஒத்துக்கலக்கா..." மூக்காலயே பேசுவா. நானும் எவ்வளவு நாள்தான் கேட்டுட்டு இருக்கறது?

அதனால... ஒங்கிட்ட சொல்றதுக்கென்ன, நீதான் யார்கிட்டயும் பேச மாட்டியே... அவர் மாஸ்டர்ஸ் பாஸாயிட்டாருன்னு போன வாரமே ஃபாத்தின்கிட்ட சொல்லிட்டேன். இனிப்புக்கு ஒரு தட்டு குனாஃபாவும் குடுத்தனுப்பிட்டேன். இப்ப இந்தப் பேப்பர் போச்சுன்னா குனாஃபாவத் திருப்பிக் கேக்க முடியுமா? இதுதான் கடைசி வாய்ப்பாமே. ரெண்டு தடவ போச்சு. இன்னொரு தரம் போனா பேரையே அடிச்சுடுவாங்களாம்.

முதல் தடவ போனது அவரு தப்பு. கணக்கு தப்பு. ரெண்டாவது தடவ போனது கரண்ட்டு. தினம் மத்தியானத்துல நிறுத்தறாங்களே, அன்னிக்கும் நிறுத்திட்டாங்க. நெட்டு செத்துப் போச்சு. கோடு அறுந்தா நீங்க கொஞ்ச நேரம் பொறுப்பீங்களாம், அப்பறம் கதவச் சாத்திடுவீங்களாம். மனுஷன் மோடத்த மடியில வச்சுட்டு அழுதாரும்மா. பரீட்சை எதப் பத்திங்கறே? கரண்ட்டு நிக்காம ஊருக்கு எப்பிடிக் குடுக்கறதுங்கறதப் பத்தி! எழுதி முடிக்கறதுக்குள்ள கரண்ட்டு நின்னு போச்சு!

அதனால இந்தத் தடவ உஷாரு. கரண்ட் போனாலும் நெட்டு போகாம இருக்க என்னமோ ஒரு பெட்டி வாங்கிருக்கேன்னாரு. நல்ல பேட்டரியாம். எங்க வச்சிருக்காரோ, நான் கண்ணால பாக்கல.

நானும் சும்மா இல்ல. என்ன, பல்லக் கடிக்கறே? ...அந்தச் சத்தமா? மொதல்லயும் நீ அவரக் கேட்டியாமே, "பக்கத்துல யாரோ மூச்சு வாங்கறாங்க, யார் அது"ன்னு. நான்தான். முளூகிய்யாக் கீரையில பூண்டு தாளிச்சுக் கொட்டறப்ப "ஹா...!"ன்னு மூச்ச உள்ள இழுக்கணும். எங்கம்மா இழுத்தா, நான் இழுக்கறேன். இழுக்காம கொட்டினா அது கீரையா, பச்சத் தண்ணியா? நீ என்னமோ நான் பதில் சொல்லிக் குடுக்கறேன்னு நெனச்சுட்டே. எனக்கு பதில் தெரிஞ்சா நான் ஏன் கீரை நறுக்கறேன்?

என்ன சொன்னேன்... ஆங், நானும் சும்மா இல்ல. காலையில அவரு சொன்னாரு, "இன்ஷிராஹ், ரூம்ல புஸ்தகம், பேப்பர், இன்னொரு டிவிப் பெட்டி, ஒயரு, ஒண்ணும் இருக்கக் கூடாது. அந்தப் பொண்ணு கேமராவ சுத்திக் காட்டச் சொல்லும். ரூமை ஒழிச்சுக் குடு"ன்னாரு. சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டாரு. நான் ஒழிச்சேன் பாரு! அப்பிடி ஒழிச்சேன்! பழைய கம்ப்யூட்டர் டிவி, உடஞ்ச விளக்கு, ஒயரு சுருளு, மூலையில முனகிட்டுக் கெடந்த ஒரு இரும்புப் பெட்டி... எல்லாத்தையும் பால்கனிக் கூடையில வச்சுக் கயித்தால எறக்கி காயலான்கடைக்காரன்கிட்ட குடுத்துட்டேன். பதிலுக்கு ரெண்டு பிளாஸ்டிக் வாளி. பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணு. இன்னும் புஸ்தகக் கட்டு பாக்கி இருக்கு, ஒரு ரவுண்டு போயிட்டு வா, தரேன்னு சொன்னேன்...

...ஆமா. வந்து நிக்கறான். அதான் கூப்பிடறான். அஞ்சாம் மாடி மேடம்னு. அது நான்தான்.

இதப் போயி அவர்கிட்ட சொல்லிடாத, என்ன?

இரு, கீழ என்ன சத்தம்? எட்டிப் பாத்துட்டு வரேன். நாற்காலியில இந்தத் தலைகாணிய வைக்கறேன், அத மொறச்சுக்கிட்டு இரு.

...யம்மா! வண்டி மேல ஏறி நிக்கறாரும்மா! பைஜாமாவோட! எதையோ கட்டிப்புடிச்சு இழுக்கறாரு, அவன் இவர் காலப் புடிச்சு இழுக்கறான். "இது வித்த சாமான் பாஷ்முஹந்திஸ்!"ங்கறான். பாத்தியா, அவனும் பாஷ்முஹந்திஸ்ங்கறான். ...புடுங்கிட்டாரு. ஓடி வராரு. லிஃப்டுக்குள்ள போயிட்டாரு. அப்பிடி எத எடுத்துட்டு வராருன்னு தெரியல, அந்த இரும்புப் பெட்டியாட்டம் இருக்கு. அதப் போயி எதுக்கு? பச்ச வெளக்கு ஒண்ணு எரியும், ங்ங்ங்னு முனகும், வேற ஒண்ணுத்துக்கும் ஒதவாது...

என்ன, ஃபேன் நின்னு போச்சு?

ஓ, கரண்ட்டா. இந்த நேரத்துக்குத்தான் போவும். ...ஹனீன்? கண்ணு? ஏன் வாயத் தொறந்தபடியே நிக்கறே? மூடிக்கம்மா, ஈ பூந்துரும். ஏ பொண்ணு!

பச்ச வெளக்கு... முனகல்... பேட்டரி...

ஹா...!

இல்ல, இது கீரைக்கு இழுத்த மூச்சு இல்ல.

ஐயோ, நானே எறக்கி விட்டுட்டேனே! ரெண்டு வாளிக்கு! ...யாரு கத்தறது? "இன்ஷிராஹ்!"னு? லிஃப்ட்லேர்ந்து! வா, நீயும் வா, ஒன்னையும் மடிக் கம்ப்யூட்டரோட தூக்கிக்கறேன், தனியா விட்டா அதுக்கும் திட்டுவாரு.

...ஏங்க! ஏங்க, எங்க இருக்கீங்க? நாலாம் மாடிக்கு மேல தொங்கறாரும்மா. பாரு விதிய, பேட்டரிய நெஞ்சோட அணச்சுக்கிட்டு கரண்ட் இல்லாம தொங்கறாரு. நல்ல வேள, இந்த லிஃப்ட் கம்பிக் கதவுக்குப் பூட்டு ஒடஞ்சு வருஷமாச்சு, லிஃப்ட்டு கூரைப் பலகையும் ரிப்பேருக்குக் கழட்டிட்டுப் போனவன் கொண்டே வரல. அன்னிக்குத் திட்டினேன். அவன் நல்லா இருக்கணும்.

என்னங்க சொல்றீங்க? "கூடைய எறக்கு"ங்கறாரு. இந்தா, பால்கனிலேர்ந்து கொண்டாந்துட்டேன், எறக்கறேன்! தர்பூசணி ஏத்தற கூடை, தாங்கும். வச்சாச்சா? ...யப்பா, கனம்! திட்டாதீங்க, இழுக்கறப்ப திட்டினா கை நழுவும்! ...சரி, வந்துருச்சு. வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டேன். கறுப்பு வால் எதுல? மோடத்துலயா? குத்திட்டேன். பட்டனா? அமுக்கிட்டேன். ...முனகுது! ங்ங்ங்னு முனகுதுங்க! என் கண்ணே, நீ முனகு, இனிமே ஒன்ன ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்.

ஹனீன்! வாய மூடிட்டா! கண்ணு சிமிட்டறா! ஏங்க, கதவச் சாத்தல, பொண்ணு வந்துட்டா!

என்னம்மா கையக் கையக் காட்டறே? யாரு வேணும்? ...அவரா? அவரு மூஞ்சி கேமராவுல தெரியணுமா? ஒடனேயா? அவரு எப்பிடி வருவாரு, கரண்ட் வந்தாத்தானே...

சரி. அவரு ஒங்கிட்ட வர முடியாது. நீ அவருகிட்ட போயேன்.

இங்க வா. கூடைக்குள்ள துண்டு மடிச்சுப் போட்டிருக்கேன், சாஞ்சுக்க. நெட்டா? அதெல்லாம் அங்க வரைக்கும் வரும், மூணாம் மாடிக்காரி வருஷக்கணக்கா எங்க நெட்டுலதான் சீரியல் பாக்கறா. அந்தப் பக்கம் பாக்காத, தலை சுத்தும். ஏங்க! பேனா இருக்கா? இருக்காம். பயப்படாதம்மா, இந்தக் கூடையில முட்டை ஏத்தி எறக்கிருக்கேன், ஒண்ணு விரிசல் விட்டதில்ல.

அப்பிடித்தான்... மெதுவா... ஏங்க, புடிங்க, பொண்ணு வருது! வணக்கம் சொல்லுங்க, அந்தக் கொரல்லயே சொல்லுங்க!

ஹனீன்! கேக்குதா? இப்ப நல்லாச் சுத்திப் பாத்துக்கம்மா. புஸ்தகம் இல்ல, பேப்பர் இல்ல, ஒயர் இல்ல. இந்தக் கட்டடத்துலயே வேற ஆளு இல்லாத ரூமு அது ஒண்ணுதான்!