இன்றைய தேதிச் சீட்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும், ஐயா. உங்கள் மேஜைமேல் இருக்கும் சீட்டுகளைப் பார்த்தாலே தெரியும். பேனா கொடுத்தால் இந்த வாக்குமூலத்தையும் நானே எழுதித் தருவேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஜீப்பில் வரும்போதே ஏட்டிடம் சொன்னேன்.

ராஜபாளையத்தில் எங்கள் ஆலையில், புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியைப் பெரிய இரும்பு டேங்கில் அடைத்து நீராவியில் வேகவைப்போம். டேங்க் நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கதவில் மாட்டுவது என் பொறுப்பு. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு சீட்டு. இரண்டு நாள் ஆறப்போட்டு, உள்ளே இறங்கி, சுத்தியலால் தகடு தகடாகத் தட்டுவேன். நல்ல தகடு கணீரென்று கேட்கும். விரிசல் விட்டது பொத்தென்று கேட்கும்.

எண்பத்தெட்டில், வருஷச் சீட்டு தொங்கும்போதே மூடி ஒழுகி ஒருவர் கை வெந்தது. சீட்டின் ஆயுளை ஒரு மாதமாகக் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் மல்லுக்கு நின்றவன் நான்தான். வருஷம் முழுக்கப் பொய் சொல்லும் சீட்டைவிட ஒரு மாதம் பொய் சொல்வது மேல் அல்லவா? சம்மதித்தார். ஆனால் மாதாமாதம் டேங்கை ஆறப்போட முடியாது என்றார். அதுவும் நியாயம்தான். வெளியிலிருந்தே தட்டினேன்.

ஒரு மாதம் எனக்குக் காய்ச்சல். சீட்டு காலாவதியானது. டேங்குக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நான் போட்ட விதிப்படி ஆலை மூன்று நாள் நின்றது. துணி அடைக்கும் பெண்களுக்குத் தலைவி செல்லக்கனி, சேத்தூரிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஒரு தாளு மாறலைன்னு எங்க கஞ்சியில மண்ணள்ளிப் போட்டுட்டியளே, அண்ணாச்சி. பிள்ளையளுக்கு என்னத்தச் சொல்லுவேன்?”

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றே வரும் பன்னிரண்டு மாதத்துக்கும் சீட்டு எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, முதல் தேதிதோறும் மாட்டும்படி வாட்ச்மேன் பேச்சிமுத்துவிடம் கொடுத்தேன். அப்புறம் ஆலை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அவளுக்காகத்தான் செய்தேன்.

இந்த மாதம் ஒன்றாம் தேதி காலையில் அவளே என்னை வழிமறித்தாள்.

“டேங்குக்குள்ள டொக்கு டொக்குன்னு சத்தம் வருது, அண்ணாச்சி. செத்த வந்து பாருங்க.”

போய்த் தட்டினேன். கதவுக்கு இடப்பக்கம் மூன்றாவது தகடு பொத்தென்றது. இரண்டாம் முறை தட்டவில்லை. சொன்னால் ஆலை மாதக்கணக்கில் நிற்கும். இத்தனை நாள் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாய் என்றும் கேட்பார்கள். பேச்சிமுத்து அப்போதுதான் மாட்டிவிட்டுப் போன சீட்டைக் காட்டினேன்.

“இன்னைக்குத் தேதி போட்டிருக்கு, பாரு.”

எழுத்துக்கூட்டி வாசித்தாள். முகம் தெளிந்தது. தள்ளி நின்ற நாலு பெண்களையும் அவளே கூப்பிட்டாள்.

“ஏட்டி, வாங்க. அண்ணாச்சி பாத்துட்டாரு.”

நான் ஆபீஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் டேங்க் வெடித்தது. ஐந்து பேரும் போய்விட்டார்கள்.

விரிசல் எனக்குத் தெரியும், ஐயா. தெரிந்தேதான் அவர்களை அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காலாவதியான சீட்டு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கு இன்னும் முப்பது நாள் ஆயுள் இருந்தது.