குங்குமம் பட்ட ஓட்டு

தண்ணியெல்லாம் வேண்டாங்கய்யா. எதுக்குக் கூட்டியாந்தீங்கன்னுதான் தெரியுதுங்களே. உள்ள லாக்கப்புக் கம்பிக்குப் பொறத்தால உக்காந்திருக்கற எங்கூட்டுக்காரரு, தோத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். அதுக்கு நான் பேசிப் பாக்கோணும். அதானுங்களே?

முப்பது வருசமாப் பேசறனுங்க, என்னைக்குக் கேட்டாரு?

பிரசிடெண்டு ஓட்டுல காளியப்பன் ஒரே ஒரு ஓட்டு எச்சா வாங்கிட்டாரு. எங்களுக்கு உழுந்த ஒரு சீட்டுல, எங்க பூட்டு சாவிச் சின்னத்து மேல குங்குமம் பட்டிருந்துச்சு. முத்திரையத் தவிர வேற அடையாளம் இருந்தாச் செல்லாதுன்னு ஆபீசரு தள்ளிட்டாரு. அது சேந்திருந்தா ரெண்டு பேரும் சரிசமம், சீட்டுக் குலுக்கிருப்பாங்க. காளியப்பனோட ஆளு வளவன் கோயிலுக்குப் போயிட்டு நேரா எண்ணற எடத்துக்கு வந்திருந்தான், நெத்தி நெறையக் குங்குமம். அவன்தான் தடவிட்டான்னு இவரு புடிச்சுக்கிட்டாரு.

நேத்துப் பொழுதோட எங்க கோழிப்பண்ணைக்கு இவரு ஆளுங்க அவனைத் தூக்கியாந்துட்டாங்க. நான் அங்கதான் முட்டை அடுக்கிட்டிருந்தேன். எந்த வெரல்லடா தொட்டேன்னு கேட்டாரு. தொடலீங்கன்னான். ஜாக்கி ராடுல ஒண்ணு. மறுக்கக் கேட்டாரு, மறுக்க ஒண்ணு. அஞ்சு வெரலுக்கும் கேட்டாருங்க. பண்ணைக் கோழி அத்தனையும் மெரண்டு கத்துது, அதையும் மீறி எலும்பு நொறுங்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அப்பறம் மண்டையில போட்டாரு. முட்டை அட்டை மேலயே உழுந்தான் பாவி, மஞ்சக்கருவும் ரத்தமுமா. அப்பறம் எந்திரிக்கவேயில்லீங்க.

ஏன் தடுக்கலைன்னு கேக்கறீங்களா? வாய் வல்லீங்கய்யா. பயம். நானும் ஒரு சண்டாளிதான்.

ஆமாங்க, மூணு மணிக்குக் காளியப்பன் ஊர்வலம். அதை மறிக்கப் பண்ணையில எங்க ஆளுங்க முப்பது பேரு கடப்பாரையும் அருவாளுமா நிக்கறாங்க, எனக்கும் தெரியும். நீங்க வண்டியோட போனா வரப்புல எறங்கி ஓடிப்போயி, நாளைக்கு வெட்டுவானுங்க. இவரு வாயால சொன்னாத்தான் கலைவாங்க.

வளவன் தடவலைன்னு எவனாச்சும் நிரூபிச்சா, நானே காளியப்பனுக்கு மாலை போடறேன்னு காலையில உங்க முன்னாலதானே சொன்னாரு? அந்தச் சொல்லுல மட்டும் மாறமாட்டாருங்க. அது ஒண்ணுதான் அந்த மனுசங்கிட்ட நல்ல கொணம்.

எங்கூட்டுல எதுக்கும் மொதல்ல பொட்டு வெச்சுப்போடறதுங்க. புது லாரி வந்தாலும், கல்யாணப் பத்திரிகை அடிச்சாலும். இவரு வேட்புமனு மூலைக்கே மஞ்சத் தடவி உட்டு, ஆபீசருகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவ நானு. ஓட்டன்னைக்குக் காலையில மாரியாத்தா கோயில்ல குடுத்த குங்குமம், முந்தானையில முடிஞ்சிருந்தேன். மறைப்புக்குள்ள போயி முத்திரை குத்துனேன். குத்திப்போட்டு, எங்கூட்டுக்காரரு செயிக்கோணும் ஆத்தான்னு சின்னத்து மேல ஒரு பொட்டு வெச்சேன். சாமி காரியந்தானேன்னு வெச்சுப்போட்டனுங்க.

ஏனுங்க, உள்ள கேக்குதுங்களா? உங்களுக்குக் கேக்கோணும்னுதான் இத்தனை சத்தமாப் பேசறேன். வளவனுக்கு அஞ்சு வெரலையும் ஒடைச்சீங்க. தொட்டது இந்த மோதர வெரலுங்க.

அய்யா, மணி ரெண்டே முக்காலாச்சு. போனை அவருகிட்டக் குடுங்க.