ஆர்கான் வீட்டில் குடிபுகுந்த பொட்டாசியம்

இந்த அவைக்கு அணுக்கருவாக, அசையாமல், அத்தனை எடையையும் தாமே தாங்கி நடுவில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! எடை என்று நான் சொன்னது பொறுப்பின் எடையை, அம்மா. முறைக்க வேண்டாம். கருவை ஒட்டிய முதல் வட்டத்தில் இரண்டே இரண்டு நாற்காலிகளை நிறைத்திருக்கும் நடுவர் பேராசிரியை அவர்களே, பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே! இரண்டாம் வட்டத்தில் எட்டு நாற்காலி போட்டு, எட்டிலும் இம்மி இடம் விடாமல் வீற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்களே! மின்விசிறிக்கு நேர்கீழே முன்கூட்டியே வந்து இடம்பிடித்த தாய்மார்களே! எப்போது மணி அடிக்கும், எப்போது பறக்கலாம் என்று வெளிவட்டத்தில் துடித்துக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்களே, என் வேதியியல் மாணவச் செல்வங்களே!

கடைசியாக, இன்றைய விழாவின் நாயகர், இயற்பியல் ஆய்வக உதவியாளர், என் மனைவியின் தங்கையை மணந்ததால் எனக்குச் சகலை. அவருக்கும் வணக்கம்.

போதுமா? வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். அங்கே இதைவிடச் சின்னதாகத்தான் வந்தது.

என் கையில் இருப்பது என்ன? சாவி. சிவப்பு நாடா கட்டிய சாவி. மாடியில் புதிதாகக் கட்டிய ஆய்வகத்தின் சாவி. நான்கு ஜன்னல் உள்ள அறை! நாலாபுறமும் காற்று வரும் அறை! குழாயைத் திறந்தால் இருமாமல் தண்ணீர் வரும் அறை! இருபத்திரண்டு ஆண்டுகளாக வேதியியல் ஆய்வக உதவியாளனாக அமில நெடியில் ஆயுளைக் கரைத்த நான், அந்த அறையைச் சகலையிடம் ஒப்படைக்க வேண்டுமாம். அதையும் நானே, என் கையாலேயே, புன்சிரிப்போடு ஒப்படைக்க வேண்டுமாம். தலைமையாசிரியை அம்மாவின் ஏற்பாடு. கொடுக்கிறேன். கொடுக்காமல் எங்கே போகப் போகிறேன்? ஆனால் கொடுக்கும் முன் கொஞ்சம் பேசுகிறேன்.

யாரப்பா அங்கே, "சீக்கிரம் கொடுங்க சார்" என்பது? பத்தாம் வகுப்பா? உன் செய்முறைத் தேர்வுக்குச் சோதனைக் குழாய் எடுத்துக் கொடுப்பவன் நான். நினைவிருக்கட்டும்.

அவையோரே! பொறாமை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். மாமனார் வீட்டுக்குப் போனால் சகலைக்கு மெத்தை வைத்த நாற்காலி, எனக்கு முக்காலி. அந்த முக்காலிக்கும் ஒரு கால் குட்டை. அவர் தும்மினால் வீடே எழுந்து நிற்கும். நான் மயங்கி விழுந்தால், "கொஞ்சம் தள்ளி விழக் கூடாதா, மாப்ள?" என்று கேட்பார்கள். அந்த எரிச்சலில் நான் விட்ட பெருமூச்சில் ஒருமுறை திரைச்சீலை கருகிற்று. என் மனைவி சாட்சி. இதோ இருக்கிறாள், கேளுங்கள். "அந்த வயித்து மேல ஒரு குண்டானை வச்சா குளிக்க வெந்நீர் ஆயிடும், எதுக்கு அடுப்பு?" என்பாள்.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் மாணவர்களே, இந்த வயிற்றெரிச்சல் எனக்கு மட்டும் சொந்தமா? அணுவுக்கும் உண்டு!

அணுவைப் பாருங்கள். நம் விளையாட்டு மைதானம் ஓர் அணு என்றால் அதன் கரு ஒரு கடுகு. அந்தக் கடுகுக்குள்தான் புரோட்டானும் நியூட்ரானும். மிச்சம்? வெட்டவெளி! அந்த வெட்டவெளியில்தான் எலக்ட்ரான்களின் வட்டங்கள், அதாவது கூடுகள். முதல் கூட்டில் இரண்டு பேர். அடுத்ததில் எட்டு. குளோரினை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பதினேழு எலக்ட்ரான். இரண்டு, எட்டு, ஏழு. ஏழு! எட்டுக்கு ஒன்று குறைவு! பக்கத்து வீட்டு ஆர்கானுக்கோ இரண்டு, எட்டு, எட்டு. நிறைந்த வீடு. யாரிடமும் எதுவும் கேட்காது, யாரோடும் ஒட்டாது, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் குளோரின் பச்சையாகிப் போனது என்பேன் நான். வேதியியல் ஆசிரியர் தலையை ஆட்டுகிறார், அதற்குக் காரணம் வேறாம். இருக்கட்டும் ஐயா, என் கண்ணுக்கு அது பொறாமைப் பச்சைதான்!

அந்தக் குளோரினாகத்தான் நான் வாழ்ந்தேன். எல்லாம் இருக்கிறது, ஒன்றுதான் குறைகிறது. அந்த ஒன்று சகலையிடம் இருக்கிறது. இதுதான் என் கணக்கு.

இந்த வேளையில்தான் தலைமையாசிரியை அம்மா அறிவித்தார். பள்ளி அறிவியல் கண்காட்சியில் எந்த ஆய்வகம் சிறப்பாகச் செய்கிறதோ, அதற்கே புதிய அறை. அறிவிப்பைக் கேட்டதும் நான் துள்ளிய துள்ளலில் கூரை ஓடு இரண்டு இடம் பெயர்ந்தது. தச்சரை அழைத்தேன். "நூத்திப் பதினெட்டு அறை வச்சு ஒரு அலமாரி வேணும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நூத்திப் பதினெட்டா? புறா வளர்க்கப் போறீங்களா?"

"இல்லைய்யா, இந்த உலகத்தையே அடுக்கப் போறேன்!"

தனிம வரிசை அட்டவணை, மாணவர்களே! பிரபஞ்சத்தின் குடும்ப அட்டை! நிலாவில் இருக்கும் மண்ணும், உன் பல்லில் இருக்கும் சுண்ணாம்பும், என் சகலையின் தொப்பையும், எல்லாம் அந்த நூற்றுப் பதினெட்டுக்குள் அடக்கம். பக்கவாட்டில் போனால் தொடர். மேலிருந்து கீழே வந்தால் தொகுதி. ஒரே தொகுதியில் இருப்பவர்கள் ஒரே குணத்து உறவினர்கள். அந்த வடிவத்தில் அலமாரி வந்து இறங்கியது. கையில் இருந்த தனிமங்களைக் குப்பியிலும் குழாயிலும் வைத்தேன். இல்லாதவற்றுக்குப் பெயரும் எடையும் எழுதிய அட்டை வைத்தேன்.

எந்த வரிசையில் வைத்தேன்? இங்கேதான் உங்கள் அடியேன் கவிழ்ந்தான்.

எங்கள் கிடங்கில் ஒரே ஒரு சட்டம். கனமானது கீழே, லேசானது மேலே. இருபத்திரண்டு ஆண்டுகள் இப்படி அடுக்கிய கை இது. தராசைத் தவிர வேறு சாமி அதற்குத் தெரியாது. சரியான அட்டவணை ஒன்று பள்ளியில் இல்லையா? இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் இருந்ததைக் கரையான் ஹைட்ரஜனில் ஆரம்பித்து ஈயம் வரை சாப்பிட்டுவிட்டது. நல்லது ஒன்று எங்கே தொங்கியது தெரியுமா? இயற்பியல் ஆய்வகத்தில்! சகலையின் தலைக்கு மேலே! அதை நான் போய்க் கேட்பதா? அவர் எடுத்துக் கொடுப்பதா? நான் வாங்கிக்கொண்டு "நன்றி சகலை" என்பதா? அதைவிட ஒரு குவளை அமிலத்தைக் குடிப்பேன் என்றேன். எடையைப் பார்த்து, லேசிலிருந்து கனத்துக்கு, வரிசையாக அடுக்கிவிட்டேன்.

சகலையின் மகள் நம் பள்ளியிலேதான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். வேதியியலில் முதல் மாணவி. அதிலும் எனக்குப் புகைச்சல்தான், மறைப்பானேன்? வந்தாள். அலமாரியைப் பார்த்தாள்.

"பெரியப்பா, ஆர்கான் தப்பான வீட்ல இருக்கு."

"எடை பார்த்துத்தான் வச்சிருக்கேன். பொட்டாசியம் முப்பத்தொன்பது புள்ளி ஒண்ணு. ஆர்கான் முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது. எது லேசு? பொட்டாசியம். அதனால அது முதல்ல."

"எடையைப் பார்க்கக் கூடாது பெரியப்பா..."

"உங்க அப்பா சொல்லி அனுப்பினாரா?"

பிள்ளையின் முகம் சுருங்கிப் போனது. திரும்பிப் போய்விட்டாள்.

கண்காட்சி நாள் காலை. கடைசியாக ஒருமுறை குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். கதவு தட்டும் ஓசை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், சகலை! கையில் நீளமாக ஏதோ ஒரு சுருள்.

"அண்ணே, கதவைத் திறங்க. ஒரு சமாச்சாரம்."

"உள்ள ஆசிட் வேலை நடக்குது! அப்புறமா வாங்க!"

"ரெண்டு நிமிஷம்தான் அண்ணே."

"ரெண்டு நிமிஷத்துல கண்ணு போயிடும்!"

தாழ்ப்பாளையும் போட்டேன். வேவு பார்க்க வந்தவர் அல்லவா? அவர் சுருளை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். தன் கண்காட்சி விளம்பரத்தை என் வாசலில் ஒட்டப் பார்க்கிறார், என்ன திமிர் என்று அதைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் எறிந்தேன்.

நடுவர் பேராசிரியை வந்தார். இதோ, இந்த அம்மையார்தான். கூட்டம் என் அறையில் அலைமோதியது. பேராசிரியை அலமாரியின் வலது ஓரத்தைப் பார்த்தார். மந்த வாயுக்களின் தொகுதி. யாரோடும் வினைபுரியாத சாதுக்களின் வீதி. மேலிருந்து வாசித்தார். "ஹீலியம். நியான்." அடுத்து ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் எனக்கு ஆறு வயது கூடியது. "பொட்டாசியம்?"

பொட்டாசியம்! தண்ணீரைக் கண்டால் தீப்பிடிக்கும் பொட்டாசியம்! எண்ணெய்க்குள் மூழ்கடித்து வைத்தால் மட்டுமே அடங்கும் பொட்டாசியம்! அதைச் சாதுக்களின் வீதியில் குடி வைத்துவிட்டேன். யாரோடும் ஒட்டாத ஆர்கானையோ, சோடியத்துக்குக் கீழே முரடர்களின் வீதியில் தள்ளியிருக்கிறேன். இன்னும் பார்த்தால் கோபால்ட்டும் நிக்கலும் இடம் மாறி, டெலூரியமும் அயோடினும் இடம் மாறி நின்றன.

"எடைப்படி வச்சேன், அம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பேராசிரியை சிரிக்கவில்லை. "பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம் இதே இடத்துல நின்னு தலையைப் பிச்சுக்கிட்டாங்க. உங்க தப்பு ரொம்ப கௌரவமான தப்பு" என்றார். ஆனால் கௌரவத்துக்கு யார் அறை கொடுப்பார்கள்? கூரையில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு இரும்புக் குண்டு, அதை ஆட்டிவிட்டுச் சகலை வென்றார். ஊசல், ஐயா, ஊசல்! இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் வரும். அதற்கு நான்கு ஜன்னல்!

எல்லோரும் போன பிறகு அலமாரியை நகர்த்தினேன், பின்னால் போய் ஒளிந்து அழலாம் என்று. அங்கே அந்தச் சுருள் கிடந்தது. பிரித்தேன்.

அவையோரே, அது விளம்பரம் அல்ல. இயற்பியல் ஆய்வகத்தில் தொங்கிய தனிம வரிசை அட்டவணை. பதினெட்டாம் கட்டத்தையும் பத்தொன்பதாம் கட்டத்தையும் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம். ஓரத்தில் என் சகலையின் கோழிக் கிறுக்கல். "அண்ணே, பாப்பா சொன்னா. நடுவர் வர்றதுக்குள்ள மாத்திடுங்க."

என்னை வெல்ல வைக்கத்தான் அந்த மனிதர் வந்திருக்கிறார். நான் தாழ்ப்பாள் போட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டதே! எனக்கும் அன்று நின்றது. அட்டவணையோடு இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனேன். சகலை தனியாக உட்கார்ந்து ஆடும் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சகலை இப்படிப் பண்ணீங்க? அறை உங்களுக்கு வேண்டாமா?"

"வேணும்தான். யாருக்குத்தான் வேண்டாம்? ஆனா அண்ணே, உங்க லேப் வாசல்ல பிள்ளைங்க எப்பவும் எட்டிப் பார்த்துக்கிட்டே நிக்கும். கலர் மாறும், புகை வரும், டப்புனு வெடிக்கும். என் லேப்ல என்ன இருக்கு? இது ஆடும். அப்புறமும் இதேதான் ஆடும். பதினஞ்சு வருஷமா எனக்கு வயிறு எரியுது."

எரிகிறதாம்! அவருக்கு! என்னைப் பார்த்து! அந்தச் சொல் என் காதில் எப்படி இனித்தது என்று சொன்னால் தாய்மார்கள் என்னைத் தவறாக நினைப்பீர்கள். இரண்டு எரியும் வயிறுகளும் அந்த ஊசலின் இருபுறமும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் வந்து அமர்ந்த அவர் மகள்தான் எனக்குப் பாடம் சொன்னாள்.

"பெரியப்பா, கருவுல எத்தனை புரோட்டானோ அதுதான் அணு எண். அதுதான் ஒரு அணு யாருன்னு சொல்லும். ஆர்கானுக்குப் பதினெட்டு, பொட்டாசியத்துக்குப் பத்தொன்பது. நியூட்ரான் கூடுனா எடை கூடும், ஆள் மாறாது."

கேட்டீர்களா, மாணவர்களே? எடை கூடினால் ஆள் மாறாது! மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தால் ஆள் மாறாது! முக்காலியில் உட்கார்ந்தாலும் ஆள் மாறாது! ஜன்னல் நான்கானாலும் நாற்பதானாலும் ஆள் மாறாது! உன் எண் என்ன? அது உன் கருவில் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரனின் மதிப்பெண்ணில் இல்லை. வாழ்நாளெல்லாம் தராசைத் தூக்கிக்கொண்டு அலைந்தேனே, எண்ணிப் பார்க்க மறந்தேனே!

எண்ணிப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. நான் குளோரின் இல்லை. நான் சோடியம். இரண்டு, எட்டு, ஒன்று. எனக்கு எதுவும் குறையவில்லை. ஒன்று கூடுதலாக இருந்தது. வெளிவட்டத்தில், தனியாக, தகதகவென்று எரிந்துகொண்டு, ஒரே ஒரு பொறாமை. சோடியம் தன் கூட்டை எப்படி நிறைவாக்குகிறது? வாங்கியா? இல்லை, கொடுத்து! கொடுத்த கணத்தில் அதன் வெளிக்கூடு நியானைப் போல நிறைந்துவிடுகிறது. ஆனால் அது நியான் ஆகிவிடுவதில்லை. கருவில் பதினொன்று பதினொன்றாகவே இருக்கிறது. தனியே விட்டால் சோடியம் நெருப்பு. தனியே விட்டால் குளோரின் நஞ்சு. ஒன்று கொடுத்து, ஒன்று வாங்கி, இரண்டும் பற்றிக்கொண்டால்? உப்பு! இந்த அரங்கில் உப்பில்லாமல் உண்டவர் யாராவது உண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம்!

மருத்துவர் சொன்னாராம், உப்பைக் குறைக்கச் சொல்லி. உட்காருங்கள் ஐயா, உங்களைக் கேட்கவில்லை.

சகலை, எழுந்து வாருங்கள். இதோ சாவி. பிடியுங்கள். இழுங்கள், இன்னும் கொஞ்சம், என் விரல் தானாக விடாது. ஆங், விட்டுவிட்டது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? அந்தக் கிழக்கு ஜன்னலை நினைத்தால் இப்போதும் உள்ளே ஏதோ கொதிக்கிறது. எலக்ட்ரானைக் கொடுத்தாயிற்று, சூடு ஆறக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் அலமாரியில் பதினெட்டில் ஆர்கான், பத்தொன்பதில் பொட்டாசியம் என்று மாற்றி வைத்துவிட்டேன். மகள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்று மட்டும் இந்த அவை அறியச் சொல்கிறேன், சகலை. நான்கு ஜன்னலும் உங்களுக்கு, இருமாத குழாயும் உங்களுக்கு. அந்த அட்டவணையை மட்டும் திருப்பித் தர மாட்டேன். அது என் தலைக்கு மேலே தொங்குகிறது, சிவப்பு வட்டத்தோடு. பார்க்க வேண்டுமென்றால் கீழே வாருங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நேற்றுத் தச்சரை அழைத்துக் கழற்றிவிட்டேன்.

இவ்வளவு நேரம் என் வயிற்றின் வெப்பத்தைத் தாங்கிய கருவுக்கும், வட்டங்களுக்கும், பறக்கக் காத்திருக்கும் எலக்ட்ரான்களுக்கும் என் நன்றி. தேநீர் வெளியே இருக்கிறது. அனைவருக்கும் வணக்கம்!